மலையேறிவிட்ட மலிவு

ஏப்ரல் பிறந்தால் நடுத்தர வர்க்கத்துக் குடும்பங்களில் முன்பெல்லாம் ஒரே ஒரு கேள்விதான் எழும்: இந்த வருஷம் சிம்லாவா, ஸ்ரீநகரா? சில வருடங்களாக இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொண்டிருக்கிறது. டிராவல் ஏஜென்ட் சொல்லும் தொகையைக் கேட்டு ஒரு கணம் மௌனம் காக்கும் குடும்பத் தலைவர், அடுத்து கேட்பது இதைத்தான்: "இதே பணத்துக்கு பாங்காக் போய்விட்டு வரமுடியாதா?"

பதில் பல சமயங்களில் "முடியும்" என்பதாகவே இருக்கிறது. தாய்லாந்துக்கு 2024இல் சென்ற இந்தியர்களின் எண்ணிக்கை 21 லட்சத்தைத் தாண்டியது. வியட்நாமுக்கு சுமார் 5 லட்சம் பேர். அதே ஆண்டு இலங்கைக்கு வந்த சுற்றுலாப் பயணிகளில் ஐந்தில் ஒருவர் இந்தியர். ரிசர்வ் வங்கியின் தாராளப் பணப் பரிமாற்றத் திட்டத்தின் கீழ் பயணத்துக்காக மட்டும் 2023-24இல் சுமார் 1,700 கோடி டாலர் நாட்டை விட்டு வெளியேறியது. 2022க்குள் உள்நாட்டிலேயே 15 இடங்களையாவது பாருங்கள் என்று பிரதமர் நரேந்திர மோடி செங்கோட்டையிலிருந்து வேண்டுகோள் விடுத்தது 2019 ஆகஸ்ட் 15இல். மக்கள் கேட்காமலில்லை. 2023இல் உள்நாட்டுச் சுற்றுலாப் பயணங்களின் எண்ணிக்கை 250 கோடி என்கிறது மத்திய சுற்றுலா அமைச்சகம். சொந்த நாட்டைச் சுற்றிப் பார்க்கும் ஆசைக்குக் குறைவில்லை. அதற்கான விலைதான் இடிக்கிறது.

தூரம் விலையைத் தீர்மானிக்கும் என்பது ரயில் காலத்து நம்பிக்கை. வான்வழியே அளந்தால் கொல்கத்தாவிலிருந்து கோவாவைவிட பாங்காக் சுமார் 100 கிலோமீட்டர் பக்கம். சென்னைக்கும் ஸ்ரீநகரைவிட பாங்காக்தான் அருகில். கொழும்போ 700 கிலோமீட்டருக்குள். இந்திய மண்ணான அந்தமானுக்குப் போக வேண்டுமென்றால் ஏறக்குறைய அதைப் போல் இரண்டு மடங்கு பறக்க வேண்டும். தேச எல்லைக்கோடு வரைபடத்தில் தெரியும் அளவுக்கு வானத்தில் தெரிவதில்லை. 2023 நவம்பர் முதல் தாய்லாந்தும் அதே டிசம்பர் முதல் மலேசியாவும் இந்தியர்களுக்கு விசா தேவையில்லை என்று அறிவித்ததும், மிச்சமிருந்த கோடும் மங்கிப்போயிற்று.

உள்நாட்டு விமானக் கட்டணம் இப்படி எகிறுவதற்குக் காரணங்கள் புதிரானவை அல்ல. 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் தரையிறங்கியது. 2023 மே மாதத்தில், அதுவும் கோடை நெரிசலின் உச்சத்தில், கோ ஃபர்ஸ்ட் பறப்பதை நிறுத்தியது. 2024 நவம்பரில் விஸ்தாரா ஏர் இந்தியாவோடு இணைந்தது. உள்நாட்டுப் பயணிகளில் பத்துக்கு ஆறு பேருக்கு மேல் ஏற்றிச் செல்லும் இண்டிகோவும் டாட்டாவின் ஏர் இந்தியா குழுமமும்தான் களத்தில் பெரிய ஆட்டக்காரர்கள். கடைத்தெருவில் இரண்டே கடைகள் இருந்தால் பேரத்துக்கு எவ்வளவு இடம் இருக்குமோ, அவ்வளவுதான் இங்கேயும்.

2025 டிசம்பரில் இண்டிகோ விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தாகிக் கட்டணங்கள் விண்ணைத் தொட்டபோது, மத்திய அரசு தலையிட்டுத் தற்காலிக உச்சவரம்பு விதித்தது. 500 கிலோமீட்டர் வரை ரூ. 7,500, 1,500 கிலோமீட்டருக்கு மேல் ரூ. 18,000. பயணிகளைக் காப்பாற்ற வந்த வரம்பு இது. ஆனால் கணக்குப் போட்டால் தலை சுற்றும். டெல்லிக்கும் சென்னைக்கும் இடையே நான்கு பேர் போய்வர, வரிகளும் விமான நிலையக் கட்டணங்களும் நீங்கலாகவே, ரூ. 1,44,000 வரை வசூலிக்கலாம். ஆபத்துக் காலத்தில் அரசு அனுமதிக்கும் உச்சம் இது என்றால், விலையைச் சந்தையின் போக்கிலேயே விட்டுவிட்ட மே மாதங்களில் குடும்பங்கள் அஞ்சுவதில் வியப்பென்ன?

எரிபொருள் இன்னொரு கதை. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது விமான எரிபொருள் அதற்குள் சேர்க்கப்படவில்லை. மாநிலங்கள் தத்தம் இஷ்டப்படி மதிப்புக்கூட்டு வரி போடுகின்றன. ஒரு மாநிலத்தில் 1 சதவீதம், இன்னொன்றில் 25 சதவீதத்துக்கும் மேல். வெளிநாட்டுக்குப் புறப்படும் விமானம் நிரப்பிக்கொள்ளும் எரிபொருளுக்கு இந்தச் சுமை கிடையாது. ஒரே விமான நிலையம், ஒரே டாங்கர் லாரி. சிங்கப்பூர் போகிறவருக்கு ஒரு விலை, ஸ்ரீநகர் போகிறவருக்கு ஒரு விலை.

விமானத்திலிருந்து இறங்கினால் அறை வாடகை காத்திருக்கிறது. ஜிஎஸ்டி தொடங்கிய காலத்தில் ஆடம்பர அறைகளுக்கு 28 சதவீத வரி இருந்தது. 2019 அக்டோபரில் அது 18 ஆகக் குறைந்தது. ரூ. 1,000க்குக் குறைவான சாதாரண லாட்ஜ் அறைக்கு இருந்த விலக்கு 2022 ஜூலையில் பறிபோய், 12 சதவீதம் விழுந்தது. ஆடம்பரத்துக்குச் சலுகை, எளிமைக்கு வரி என்ற அந்த விநோதம் மூன்று வருடங்கள் நீடித்தது. 2025 செப்டம்பர் 22 முதல் ரூ. 7,500 வரையிலான அறைகளுக்கு 5 சதவீதம் என்று ஆனது நல்ல செய்திதான். ஆனால் அந்தக் கோட்டைத் தாண்டினால் பழையபடி 18. ரூ. 7,500 அறைக்கு வரி ரூ. 375. ரூ. 7,600 அறைக்கு ரூ. 1,368. வாடகையில் 100 ரூபாய் கூடினால் பில்லில் 1,093 ரூபாய் கூடுகிறது. சீசன் நேரத்தில் கோவாவிலும் மணாலியிலும் ஓரளவு நல்ல அறைகள் இந்தக் கோட்டை எளிதில் தாண்டிவிடுகின்றன.

அறைகளும் போதவில்லை. பெயர்பெற்ற ஹோட்டல் நிறுவனங்களின் அறைகளை நாடு முழுவதும் கூட்டினாலும் சுமார் 2 லட்சம்தான் தேறும். அமெரிக்காவில் லாஸ் வேகாஸ் என்ற ஒரே ஊரில் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் அறைகள் இருக்கின்றன. 140 கோடிப் பேர் வாழும் நாட்டில், பள்ளிகள் மூடியிருக்கும் அதே ஆறேழு வாரங்களில், அதே பத்துப் பன்னிரண்டு மலையூர்களை நோக்கிக் கூட்டம் கிளம்பினால் வாடகை எங்கே போய் நிற்கும்?

இங்கேதான் ஒப்பீட்டில் ஒரு சூட்சுமம் ஒளிந்திருக்கிறது. மே, ஜூன் மாதங்கள் சிம்லாவுக்கும் ஊட்டிக்கும் உச்ச சீசன். தாய்லாந்தின் புக்கெட்டுக்கும் மாலத்தீவுக்கும் அவை மழைக்காலத்தின் தொடக்கம். வெள்ளைக்காரப் பயணிகள் மூட்டை கட்டிப் போய்விட்ட, ஹோட்டல்கள் தள்ளுபடி தரும் மாதங்கள். இவற்றை ஒப்பிடுவது, முகூர்த்த நாளில் கல்யாண மண்டபம் கேட்கும் வாடகையை அஷ்டமியன்று காலியாகக் கிடக்கும் மண்டபத்தின் வாடகையோடு ஒப்பிடுவது மாதிரி. அதே பாங்காக்கை டிசம்பர் கடைசியில் விசாரித்தால் விடை வேறாக இருக்கும். போதாக்குறைக்கு, 2025 டிசம்பரில் டாலருக்கு 90 ரூபாயைத் தாண்டிச் சரிந்த ரூபாய் மதிப்பு, கிரெடிட் கார்டுக்கு அந்நியச் செலாவணிக் கட்டணம், பயண இன்ஷூரன்ஸ், பாஸ்போர்ட் செலவு என்று விளம்பரத்தில் வராத பட்டியல் ஒன்றும் உண்டு. ஆக, வெளிநாடு எப்போதும் மலிவு என்பது பாதி உண்மை. கோடை விடுமுறைக்கு மட்டும் அது முக்கால் உண்மை.

ஆனால் இந்த விவாதமே பாஸ்போர்ட் உள்ளவர்களின் விவாதம். இந்தியரில் பத்துக்கு ஒருவரிடம்கூட பாஸ்போர்ட் இல்லை. ஊட்டி கட்டுப்படியாகாவிட்டால் கொழும்பு என்று சொல்ல முடியாத குடும்பங்களின் கதி என்ன? அவர்களுக்கு இருந்த வழி ரயில். அதிலும் படிகள் ஒவ்வொன்றாகக் கழன்றிருக்கின்றன. மூத்த குடிமக்களில் ஆண்களுக்கு 40 சதவீதமும் பெண்களுக்கு 50 சதவீதமும் இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் கொரோனாவைக் காரணம் காட்டி நிறுத்தப்பட்டது. ராஜதானி, சதாப்தி, துரந்தோ ரயில்களில் இடம் நிரம்ப நிரம்பக் கட்டணம் ஏறும் முறை 2016இலேயே வந்தாயிற்று. 2025இல் மட்டும், ஜூலையிலும் டிசம்பரிலுமாக, கட்டணம் இருமுறை உயர்ந்தது. கிலோமீட்டருக்கு ஓரிரு பைசாதான் என்றாலும், டிக்கெட் கிடைத்தால்தானே அந்தப் பைசாவைக் கொடுக்க?

மாதச் சம்பளக்காரருக்கு உள்நாட்டுப் பயணத்துக்காகவே உருவான எல்டிஏ வரிச்சலுகையும் தேய்ந்து வருகிறது. நான்கு ஆண்டுகளில் இரு பயணங்களுக்கு, அதுவும் இந்தியாவுக்குள் மட்டுமே கிடைத்த இச்சலுகை, புதிய வருமான வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்குக் கிடையாது. தாத்தா பாட்டியையும் அழைத்துக்கொண்டு ரயிலேறி, சலுகையைக் கழித்து, மிச்சப் பணத்தில் பேரனுக்கு ஸ்வெட்டர் வாங்கிய காலம் மலையேறிவிட்டது.

அப்படியானால் விலையைக் குறைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? இதற்கு மலைகளே பதில் சொல்லியிருக்கின்றன. பிரிட்டிஷ் இந்தியாவின் கோடைக்காலத் தலைநகராக 1864இல் அறிவிக்கப்பட்ட சிம்லாவில், 2018 மே மாதம் குழாய்கள் வறண்டன. குடிநீருக்கு லாரிகளின் முன் வரிசையில் நின்ற உள்ளூர்வாசிகள், தயவுசெய்து இங்கே வராதீர்கள் என்று சுற்றுலாப் பயணிகளிடம் மன்றாடினார்கள். வருடாந்திரக் கோடை விழா தள்ளிவைக்கப்பட்டது. 2023 ஜனவரியில் உத்தராகண்டின் ஜோஷிமட்டில் வீடுகளும் ஹோட்டல்களும் விரிசல் விட்டன. இரண்டு ஹோட்டல்களை இடிக்க வேண்டியதாயிற்று. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வாகனங்களுக்கு, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி, 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயமானது. சரிவான மலையில் இன்னும் ஆயிரம் அறைகள் கட்டினால் வாடகை குறையும் என்பது பொருளாதாரப் பாடம். அந்தச் சரிவு தாங்குமா என்பது வேறு பாடம்.

இடத்தை மாற்றிவிடலாம் என்பதும் எளிதல்ல. 2024 ஜனவரியில் மாலத்தீவோடு மனக்கசப்பு ஏற்பட்டபோது, அதற்குப் பதில் லட்சத்தீவுக்குப் போவோம் என்ற கோஷம் கிளம்பியது. 2023இல் மாலத்தீவுக்குப் போன இந்தியர்கள் 2 லட்சத்துக்கும் மேல். லட்சத்தீவிலோ விமானம் இறங்க அகத்தியில் ஒரே ஒரு சிறிய ஓடுதளம். போவதற்கு அனுமதிச் சீட்டும் வேண்டும். பெரும்படையைத் தாங்கும் தீவல்ல அது. தாங்க வைப்பது நல்லதுமல்ல. காஷ்மீரின் கதை இன்னும் வேதனை. 2025 ஏப்ரல் 22இல் பஹல்காமில் 26 உயிர்கள் பலியானபின், பிற மலைகள் திணறிய அதே கோடையில், தால் ஏரிப் படகு வீடுகள் காலியாகக் கிடந்தன. விலை குறைவு என்பது அங்கே ஆறுதலாக இல்லை. படகோட்டியின் அடுப்பு எரியவில்லை என்பதன் அடையாளமாக இருந்தது.

செய்யக்கூடியது ஒன்றுமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. விமான எரிபொருளை ஜிஎஸ்டிக்குள் கொண்டுவருவது மத்திய, மாநில அரசுகளின் கையில் இருக்கிறது. சாதாரணப் பிரஜையையும் பறக்க வைப்பதற்கான உடான் திட்டத்தின் முதல் விமானம் 2017 ஏப்ரல் 27இல் புறப்பட்டது, வேறெங்கிருந்தும் அல்ல, சிம்லாவிலிருந்துதான். ஒரு மணி நேரப் பயணத்துக்கு ரூ. 2,500 என்பது அதன் வாக்குறுதி. முதல் மூன்று சுற்றுகளில் ஒதுக்கப்பட்ட 774 வழித்தடங்களில் 403 தொடங்கப்படவே இல்லை என்று 2023இல் கணக்குத் தணிக்கை அதிகாரி அறிக்கை வைத்தார். தொடங்கியவற்றிலும் முழு மூன்று ஆண்டுகளைக் கடந்தவை 112தான். இந்தக் கோளாறைச் சரிசெய்ய புதிய திட்டம் தேவையில்லை. பழையதை ஓட வைத்தால் போதும்.

முதியோர் ரயில் சலுகையைத் திரும்பக் கொடுப்பதும் அரசின் ஒரு கையெழுத்தில் அடங்கும் காரியம். கோடையில் மலை என்ற வெள்ளைக்காரன் விட்டுப்போன பழக்கத்தைக் கொஞ்சம் தளர்த்தி, ஜூனில் மழை நனைக்கும் கேரளத்துக்கும் அக்டோபரில் ராஜஸ்தானத்துக்கும் போகும் வகையில் பள்ளி விடுமுறைகளைப் பிரித்துக் கொடுப்பதைப் பற்றி மாநிலங்கள் யோசிக்கலாம். மாநிலச் சுற்றுலா வளர்ச்சிக் கழகங்களின் விடுதிகளில் வெள்ளையான படுக்கை விரிப்பும் ஒழுகாத குழாயும் இருந்தாலே, பல குடும்பங்களின் கோடை காப்பாற்றப்பட்டுவிடும்.

பாங்காக் போகிறவர்கள் போகட்டும். உலகத்தைப் பார்ப்பது நல்லதே. கவலைப்பட வேண்டியது, எங்கும் போகாமல் விட்டுவிடுகிறவர்களைப் பற்றி. ஒரு சென்னைச் சிறுமி பனியையும், ஒரு லக்னோ சிறுவன் கடலையும் முதன்முதலாகப் பார்ப்பது இந்தக் கோடை விடுமுறைகளில்தான். இத்தனை மொழியும் இத்தனை சோறும் உள்ள நாடு தன்னுடையது என்று பாடப் புத்தகம் சொல்வதை ரயில் ஜன்னல்தான் நிரூபிக்கிறது. அந்த ஜன்னலோர இருக்கைக்கு என்ன விலை வைப்பது என்பதை விமான நிறுவனத்தின் கம்ப்யூட்டரும் ஹோட்டலின் கல்லாவும் மட்டுமே தீர்மானித்துக்கொண்டிருந்தால், வெளிநாட்டைத் தெரிந்த இந்தியர்கள் பெருகுவார்கள். இந்தியாவைத் தெரிந்த இந்தியர்கள் குறைந்துபோவார்கள்.