அக்காளும் தங்கையும்

ஒரே வயிற்றில் பிறந்த சகோதரிகள் குணத்தில் வடதுருவமும் தென்துருவமுமாக இருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மரங்களிலும் அப்படி ஒரு ஜோடி உண்டு. எட்டி மரம் அக்காள். தேற்றா மரம் தங்கை. தாவர சாஸ்திரத்தில் இரண்டுக்கும் ‘ஸ்ட்ரிக்னாஸ்’ என்பதே முதற்பெயர்.

தங்கை பரம சாது. அவளுடைய விதையாகிய தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் தேய்த்துவிட்டுக் கலங்கல் நீரை ஊற்றினால், மண் அடியில் படிந்து நீர் தெளியும். (தெளிந்த நீரையும் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும், கிருமிகள் அவ்வளவு சுலபத்தில் போவதில்லை!) அக்காளோ பொல்லாதவள். அவள் விதையில் இருக்கும் ஸ்ட்ரிக்னைன் என்ற கொடிய நஞ்சு, உடலை விறைக்கச் செய்து மூச்சையே நிறுத்திவிடும்.

இருவரையும் எப்படி இனம் காண்பது? இலையை நம்பாதீர்கள். இரண்டிலும் அடியிலிருந்தே நரம்புகள் பிரிந்து ஓடும். தவிர, இலை உதிர்ந்த நாளில் என்ன செய்வீர்கள்?

பட்டையைப் பாருங்கள். எட்டியின் பட்டை மெல்லியது, சாம்பல் நிறம். தேற்றாவின் பட்டை கறுத்துத் தடித்து, நெடுக வெடித்திருக்கும். அடுத்து மொட்டு. எட்டியில் அது கிளை நுனியில் கொத்தாக வரும். தேற்றாவில் இலைக் கணுக்களிலே ஒட்டிக்கொண்டு வரும். எட்டிப் பழம் ஆரஞ்சுப் பழம்போல் உருண்டு பளபளக்கும். உள்ளே சட்டைப் பொத்தான் போன்ற தட்டை விதைகள், சாம்பல் நிறப் பட்டு ரோமத்துடன் இருக்கும். தேற்றாப் பழமோ சிறியது, பழுத்தால் கறுப்பு, உள்ளே உருண்டையாகப் பெரும்பாலும் ஒரே விதை.

பட்டைதானே என்று அலட்சியம் வேண்டாம். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவில், அங்கஸ்டூரா என்ற மருந்துப் பட்டையோடு எட்டிப் பட்டை கலந்து விற்கப்பட்டது. மருந்தென்று நம்பி உட்கொண்டவர்கள் நஞ்சுக்கு இரையானார்கள்.

விடுமுறைக்குக் கிராமத்துக்குப் போகும் குழந்தைகளுக்கு அந்த ஆரஞ்சு நிறப் பழத்தைக் காட்டி எச்சரித்து வையுங்கள். “பறவை தின்கிறதே, அம்மா!” என்று அவர்கள் கேட்கலாம். பறவைக்கு ஒத்துக்கொள்வதெல்லாம் நமக்கு ஒத்துக்கொள்ளாது என்று சொல்லுங்கள். தப்பித் தவறி ஒரு குழந்தை வாயில் போட்டுவிட்டால், கைவைத்தியம் பார்த்து நேரத்தைப் போக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்லுங்கள்.

நாட்டு மருந்துக் கடையில் தேற்றாங்கொட்டை வாங்கும்போதும் உள்ளங்கையில் கொட்டிப் பாருங்கள். உருண்டை என்றால் தங்கை. பொத்தான் என்றால் அக்காள். அவளை வீட்டுக்கு அழைத்து வராதீர்கள்!