வெந்த புண்ணுக்கும் நீதி வேண்டும்

வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது கொடுமை என்பர் நம் முன்னோர். அக்கொடுமை, சிகிச்சை என்ற பெயராலேயே எரிகாயமுற்ற ஏழைகளுக்கு நாள்தோறும் நேர்கின்றதென்றால் நம்புவீர்களா?

அடுப்படியில் கொதிநீர் கவிழ்கின்றது. மண்ணெண்ணெய்க் குப்பிவிளக்குச் சரிகின்றது. மேற்றோலும் அதன் கீழ்ப்படையின் ஒரு பகுதியும் வெந்து கொப்புளம் எழுகின்றது. நரம்பு முனைகள் உயிரோடிருப்பதால் வேதனை மிகுதி. ஆயினும் கிருமி தொற்றாது காத்தால், ஆழமற்ற காயம் இரண்டு மூன்று வாரங்களில் தானே ஆறிவிடும்.

1968ஆம் ஆண்டில் அறிமுகமான சில்வர் சல்ஃபாடயசின் என்னும் வெள்ளைக் களிம்பு கிருமிகளைத் தடுத்துப் பேருதவி புரிந்தது. அதனை மறுப்பதற்கில்லை. ஆனால் அதனை நாள்தோறும் கழுவிக் களைந்து மீண்டும் பூசவேண்டும். ஒட்டிக்கொண்ட துணியைப் பிரிக்கும்போது, புதிதாய் முளைத்த மென்றோலும் பெயர்ந்து வரும். குழந்தையின் அலறல் விறாந்தை வரை கேட்கும்.

காயம் காயவேண்டும் என்பது பழைய நம்பிக்கை. 1962இல் ஜோர்ஜ் வின்ரர் என்னும் ஆய்வாளர், ஈரம் காக்கப்பட்ட காயம் ஏறத்தாழ இருமடங்கு விரைவில் மூடுவதைப் பன்றிகளில் காட்டி அதனைத் தகர்த்தார். அவ்வழி வந்தவையே இன்றைய புதிய கட்டுகள். சிலிக்கோன் பூசிய வலைக்கட்டுப் புண்ணில் ஒட்டாது. வெள்ளி கலந்த நார்க்கட்டுக் கசிநீரை உறிஞ்சிக் கூழாகிப் புண்ணை மூடிக்கிடக்கும். இவற்றைப் பல நாட்கள் கழற்றாது விடலாம்.

சான்று உண்டோ என்பீர்கள். 2013இல் வெளியான கொக்ரேன் மீளாய்வு, இத்தகைய கட்டுகளோடு ஒப்பிடுகையில் களிம்பே பின்தங்கியதெனக் கண்டது. பரிசோதனைகளிற் குறைகள் உள என்றும் அது ஒளியாது கூறிற்று. சட்டம் பயின்றவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன்: ஒருவனைச் சிறைக்கனுப்பவே ஐயத்துக்கிடமற்ற நிரூபணம் வேண்டும். வயலெல்லை வழக்கிலோ தராசு சாயும் பக்கமே தீர்ப்பு. இங்கே தராசு சாய்ந்துவிட்டது.

விலை அதிகம் என்பர். உண்மைதான். ஆயின் விதைநெல்லின் விலையை மட்டும் பார்த்தா விவசாயி கணக்கிடுகின்றான்? விளைச்சலையும் பார்த்தல்லவா! நாள்தோறும் பஸ் கட்டணம், உடன் வருபவரின் இழந்த கூலி, தாதியின் நேரம், நோயாளியின் நோவு ஆகிய யாவற்றையும் கூட்டிப் பாருங்கள். ஒரு கட்டுக்கு என்ன விலை என்பதன்று கேள்வி. ஒரு புண் ஆற என்ன செலவு என்பதே கேள்வி.

இந்நாட்டில் அரசாங்க வைத்தியசாலைகளிற் சிகிச்சை இலவசம். ஆனால் கையிருப்பில் இல்லாததை வெளியில் வாங்கி வரும்படி துண்டெழுதிக் கொடுத்தால், அவ்விலவசம் யாருக்கு? 2022இன் மருந்துத் தட்டுப்பாடு இதனை நமக்கு உணர்த்தவில்லையா?

எல்லா எரிகாயத்துக்கும் இக்கட்டுப் போதும் என்று வாதிடவில்லை. ஆழ வெந்ததற்குச் சத்திரசிகிச்சை நிபுணரே வேண்டும். எரிந்தவுடன் ஓடும் குளிர்நீரில் இருபது நிமிடம் பிடிப்பதற்கும் ஈடில்லை. பற்பசை பூசுவது பெருந்தவறு.

நாம் கேட்பது சலுகையன்று. தூரக் கிராமங்களுக்குப் பணிபுரியும் ஆதார வைத்தியசாலைகளில் இக்கட்டுகள் இருப்பில் இருக்கவேண்டும். காயத்தின் ஆழமறிந்து இட தாதியர் பயிற்றப்படவேண்டும். பணமுள்ளவனுக்கு நோவில்லாத சிகிச்சை, இல்லாதவனுக்கு நாளொரு வேதனை என்னும் பேதத்தை நீதியுணர்வுள்ள எவரும் பொறுத்திருக்கலாகாது.