எரித்தவர் மார்பில் எழுஞாயிறு!

1964-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள். ஜப்பானிய அரசு அமெரிக்கத் தளபதி ஒருவருக்கு 'எழுஞாயிறு' விருதின் முதல் வகுப்பை வழங்கிற்று. அந்நாட்டு வான்படை வளர உதவினாராம்! பெற்றவர் கர்ட்டிஸ் லெமே. பத்தொன்பது ஆண்டுகட்கு முன் அதே நாட்டின் தலைநகரைச் சாம்பலாக்கியவரும் அவரே!

கோழையல்லர் அவர்; ஒப்புகிறோம். ஒகையோ மாநிலத்திலே 1906-இல் எளிய குடும்பத்திற் பிறந்து, உழைத்து உயர்ந்தவர். 1943 ஆகஸ்டு 17-இல் ஜெர்மனியின் ரீகன்ஸ்பர்க் விமான ஆலையைத் தாக்கச் சென்ற படையை, தாமும் உடன் பறந்து நடத்தியவர். அத்துணிவு பின்னர் எதற்குப் பயன்பட்டது? அதுதான் நம் கேள்வி.

1945 மார்ச் 9 இரவு. உயரப் பறந்து ஆலைகளைக் குறிவைக்கும் முறை ஜப்பானில் பலிக்கவில்லை. காற்றும் முகிலும் கெடுத்தன. லெமே முறையை மாற்றினார். இரவிலே, 5,000 முதல் 9,000 அடி உயரத்திலே பறப்பது. துப்பாக்கிகளைக் கழற்றிவிட்டு, அந்த எடைக்கும் தீக்குண்டு ஏற்றுவது! கீழே மரத்தாலும் தாளாலும் ஆன வீடுகள். உள்ளே உறங்கும் தாய்மார், குழந்தைகள், கிழவர்கள். 279 விமானங்கள் தீ மழை பொழிந்தன. 16 சதுர மைல் எரிந்தது. மாண்டோர் ஏறத்தாழ ஒரு லட்சம்!

"மேலிடத்துக் கட்டளை" என்பர். தாழப் பறக்கும் முடிவு மேலிடத்ததன்று, அவருடையது. "போரைச் சுருக்கினார்" என்பர். அவர் வகுத்த அதே முறையில் ஆகஸ்டு 14 இரவு குமகாயா நகர் கொளுத்தப்பட்டது. மறுநாள் நண்பகல் சரணடையும் செய்தி வானொலியில் ஒலித்தது. குமகாயா எரிந்து எத்தனை நாழிகைப் போர் சுருங்கிற்று, சொல்வார்களா? தோற்றிருந்தால் போர்க்குற்றவாளிகளாக நின்றிருப்போம் என்று லெமேயே கூறியதாக, அவர் கீழ்ப் பணியாற்றிய மக்னமாரா 2003-இல் வெளிவந்த ஆவணப்படத்திலே சொன்னார். வென்றார், ஆகவே வான்படைத் தலைமை தேடி வந்தது!

1962-இல் கியூபாவைத் தாக்குக என்று கென்னடியை நெருக்கியவரும் இவர்தாம். 1968-இல், வெள்ளையரையும் கறுப்பரையும் பிரித்தே வைக்க வேண்டுமென்று முழங்கிய ஜார்ஜ் வாலசின் துணையாளராகத் தேர்தலில் நின்றவரும் இவர்தாம். தோற்றார். 1990-இல் மறைந்தார்.

எரித்தவருக்கு விருது. எரிந்தவர்க்கு? டோக்கியோவில் உயிர் தப்பியோரும் உற்றாரை இழந்தோரும் இழப்பீடு கோரி 2007-இல் தம் அரசின்மீது வழக்குத் தொடுத்தனர். படைவீரர்க்கு ஓய்வூதியம் தந்த அரசு, இவர்கள் குடிமக்கள்தாமே என்று கைவிரித்தது. 2013-இல் உச்ச நீதிமன்றமும் அவ்வழக்கைத் தள்ளிவிட்டது.