புதிய மோட்டார் வேண்டாம், ஒரு நோட்டுப் புத்தகம் போதும்

மலாய் மொழியில் ‘கெப்பாலா’ என்றால் தலை, ‘பத்தாஸ்’ என்றால் வரப்பு. பெயருக்கு ஏற்றாற்போல் எங்கள் கெப்பாலா பத்தாஸைச் சுற்றி இன்றும் நெல் வயல்கள் உண்டு. மழை ஓய்ந்து தரை காய்ந்திருக்கும் மாலை வேளைகளில், வயலோரத்து வெற்று நிலத்தில் பிள்ளைகள் சிலர் ரிமோட் பக்கி வண்டி ஓட்டுவார்கள். நான் சொல்வது ஒரு வாரம் ஓட்டிவிட்டுத் தூக்கிப் போடும் விளையாட்டுக் கார் அல்ல. அசல் காரில் பத்தில் ஒரு பங்கு அளவில், மேடு பள்ளத்தில் பந்தயம் ஓட்டவென்றே செய்யப்பட்டு, ஒவ்வொரு திருகையும் கழற்றி மாட்டக்கூடிய வண்டி.

சென்ற பள்ளி விடுமுறையில் படிவம் மூன்று மாணவர் ஒருவர் தம் வண்டியை என்னிடம் கொண்டு வந்தார்.

“சார், மோட்டார் வீக் ஆயிடுச்சு. புதுசு மாட்டணும். அப்பாகிட்ட இருநூறு வெள்ளி கேட்டிருக்கேன்.”

“கோளாறு மோட்டார்லதான்னு எப்படித் தெரியும்?”

“கூட்டாளி சொன்னான் சார்.”

பின்சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பார்த்தேன். இரண்டு சுற்றுக்கு மேல் ஓடவில்லை. கழற்றினால், பேரிங்குக்குள் வயல் சேறு புகுந்து காய்ந்து கல்லாகியிருந்தது. மோட்டாரின் சிறிய பற்சக்கரமும் பெரிய பற்சக்கரமும் ஒன்றையொன்று நசுக்கும்படி நெருக்கமாக மாட்டப்பட்டிருந்தன. இரண்டு பேரிங்குக்குச் சில வெள்ளி செலவானது. பற்சக்கர இடைவெளியைச் சரிசெய்ய மெல்லிய காகிதத் துண்டு ஒன்றே போதுமாயிருந்தது. இரண்டு பற்களுக்கும் நடுவே காகிதத்தை வைத்து மோட்டாரை நெருக்கி முடுக்கிவிட்டு, காகிதத்தை உருவினால் சரியான இடைவெளி கிடைத்துவிடும். மோட்டாரில் ஒரு குறையும் இல்லை.

மாணவர்களே, இந்தப் பொழுதுபோக்கில் நான் காணும் பெரிய குறை இதுதான். வண்டி மெதுவாக ஓடினால் உடனே ஒரு பாகம் வாங்குகிறோம். காரணத்தைத் தேடுவதில்லை. பக்கி வண்டி உங்களுக்கு அறிவியல் கற்றுத் தருமா, அப்பாவின் பணப்பையைக் காலி செய்யுமா என்பது நீங்கள் அளந்து பார்ப்பவரா, ஊகிப்பவரா என்பதைப் பொறுத்தது.

சின்ன வண்டிக்குத் தனிக் கணக்கு

பெரிய காருக்குப் பொருந்துவது சின்ன வண்டிக்கும் பொருந்தும் என்று நினைக்காதீர்கள். நீளத்தைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தால் ஒரு கம்பியின் குறுக்குப் பரப்பு நூறில் ஒன்றாகும். ஆனால் கன அளவும் அதோடு எடையும் ஆயிரத்தில் ஒன்றாகிவிடும். 1,500 கிலோ கார், 1.5 கிலோ பக்கியாகிறது. உங்கள் வண்டியைத் தராசில் வைத்துப் பாருங்கள், ஏறத்தாழ அந்த அளவுதான் இருக்கும். கம்பியின் வலிமை அதன் குறுக்குப் பரப்பைப் பொறுத்தது. ஆகவே தன் எடையோடு ஒப்பிட்டால் சின்ன வண்டி பத்து மடங்கு வலியது. ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தும் அது எழுந்து ஓடுவதன் இரகசியம் இதுதான்.

ஆனால் நிலம் சுருங்குவதில்லை. 30 சென்டிமீட்டர் வரப்பு அந்த வண்டிக்கு மூன்று மீட்டர் சுவர். அதனால்தான் மோட்டாரைவிட அப்சோர்பரும் டயரும் இங்கே முக்கியமாகின்றன.

இந்த விளையாட்டின் வரலாறும் அதைத்தான் சொல்கிறது. ஜப்பானின் தமியா நிறுவனம் தன் முதல் பக்கியான ‘ரஃப் ரைடர்’ வண்டியை 1979இல் வெளியிட்டது. 1984இல் அமெரிக்காவின் அசோசியேட்டட் நிறுவனம் ‘ஆர்சி10’ வண்டியைக் கொண்டுவந்தது. மறு ஆண்டு கலிஃபோர்னியாவில் நடந்த முதல் உலகப் போட்டியில், இருசக்கர இயக்கப் பிரிவில் அதுதான் வென்றது. அலுமினியச் சட்டகம், எண்ணெய் நிரப்பிய நீண்ட அப்சோர்பர்கள், தரைக்கு ஏற்றபடி மாற்றி அமைக்கக்கூடிய பாகங்கள் ஆகியவை அதன் பலம்.

வெற்றியாளரின் அளவு உங்களுக்குப் பொருந்தாது

மாற்றி அமைக்கலாம் என்றதும் மாணவர்கள் செய்யும் முதல் காரியம், உலக வெற்றியாளர் ஒருவரின் அளவுகளைத் தேடி எடுத்து அப்படியே தங்கள் வண்டியில் வைப்பது. அவர் ஓட்டியது வேறு நாட்டில், வேறு தரையில், வேறு வெயிலில்.

அப்சோர்பர் எண்ணெயையே எடுத்துக்கொள்ளுங்கள். அது சிலிக்கோன் எண்ணெய். புட்டியில் உள்ள பாகுத்தன்மை எண் பொதுவாக 25 பாகை செல்சியசில் அளந்தது. நம் ஊர் மாலை வெயில் 32, 33 பாகை. வெயிலில் கிடக்கும் கறுப்பு நிற அப்சோர்பருக்குள் அதைவிடவும் சூடு. சூடு ஏற ஏற எண்ணெய் இளகும். குளிர்நாட்டில் சரியாக இருந்த எண்ணெய் இங்கே தண்ணீர் போலாகி, வண்டி குதித்து இறங்கும்போது வயிறு தரையில் இடிக்கும். அதே எண்ணை நகலெடுப்பதைவிட, ஒரு படி கெட்டியான எண்ணெயை ஊற்றிச் சோதித்துப் பார்ப்பது புத்திசாலித்தனம். 2010ஆம் ஆண்டு எட்டில் ஒரு பங்கு அளவு வண்டிகளுக்கான உலகப் போட்டி தாய்லாந்தின் பட்டாயாவில் நடந்தது. உலகப் போட்டிகூட நம்மைப் போன்ற வெப்ப நாட்டுக்கு வந்தால், குளிர்நாட்டில் பழகியவர்கள் தங்கள் கணக்கை மறுபடி பார்த்தாக வேண்டும்.

பற்சக்கரமும் அப்படியே. மோட்டார் பக்கம் 22 பல், எதிர்ப்பக்கம் 78 பல், வண்டியின் உள்விகிதம் 2.6 என்று வைத்துக்கொள்வோம். 78ஐ 22ஆல் வகுத்து 2.6ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 9.2. அதாவது மோட்டார் 9.2 முறை சுற்றினால் சக்கரம் ஒருமுறை சுற்றும். 22க்குப் பதில் 24 பல் போட்டால் விகிதம் 8.45 ஆகும். உச்ச வேகம் சுமார் 9 விழுக்காடு கூடும். அது இலவசமாகக் கிடைக்காது. மோட்டார் அதிகம் திணறும், மின்னோட்டம் ஏறும். மின்னோட்டம் 10 விழுக்காடு ஏறினால் கம்பிச் சுருளில் உண்டாகும் வெப்பம் 21 விழுக்காடு ஏறும், ஏனெனில் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. சாதாரண ரக நியோடிமியம் காந்தங்கள் 80 பாகையைத் தாண்டினால் நிரந்தரமாக வலுவிழக்கத் தொடங்கும். மோட்டார் வீக் ஆகிவிட்டது என்று சொல்கிறோமே, பல நேரம் அதை அப்படி ஆக்கியவர்கள் நாம்தான்.

மூன்று மாறிகள் நினைவிருக்கிறதா?

தமிழ்ப்பள்ளியில் படித்திருந்தால் தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி என்று மனப்பாடம் செய்திருப்பீர்கள். சோதனைத் தாளில் எழுதி மதிப்பெண் வாங்கியதோடு பலர் அவற்றை மறந்திருப்பீர்கள். அவற்றுக்கு உயிர் கொடுக்கும் இடம் இந்தத் திடல்தான்.

எண்ணெயை மாற்றினால் வண்டி வேகமாகுமா? எண்ணெய்தான் தற்சார்பு மாறி. ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் சார்பு மாறி. டயர், பற்சக்கரம், தரையிலிருந்து வண்டியின் உயரம், ஓட்டுபவர், பேட்டரியின் மின்னேற்றம் யாவும் மாறாமல் இருக்க வேண்டும். ஐந்து சுற்று ஓட்டி நேரத்தைக் குறியுங்கள். எண்ணெயை மாற்றி மறுபடி ஐந்து சுற்று ஓட்டுங்கள். பிறகு பழைய எண்ணெயையே ஊற்றி மூன்றாம் முறையும் ஓட்டுங்கள். இது வீண் வேலை அல்ல. ஓட்ட ஓட்ட உங்கள் கையும் பழகியிருக்கும், தரையும் காய்ந்திருக்கும். பழைய எண்ணெய்க்குத் திரும்பியும் நேரம் குறைவாகவே இருந்தால், முன்னேறியது வண்டி அல்ல, நீங்கள்!

இன்னொன்று. ஒரே அமைப்பில் ஓட்டிய ஐந்து சுற்றுகளுக்குள்ளேயே ஒரு வினாடி வித்தியாசம் வருகிறது என்றால், 0.2 வினாடி குறைந்ததை வைத்து எண்ணெய் நல்லது என்று சொல்லிவிட முடியாது. இதைப் புரிந்துகொண்ட மாணவர், நாளை ஒரு மருந்து விளம்பரத்தையும் எளிதில் நம்பமாட்டார்.

துடைப்பதும் சோதனைதான்

நம் வயல் மண் களிமண். காய்ந்தால் மாவுத்தூசி, நனைந்தால் பசை. ஓட்டி முடித்ததும் மென்மையான தூரிகையால் தட்டிவிடுங்கள். குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சினால் சேறு பேரிங்குக்குள் போகும், இந்த ஈரக் காற்றில் மறுவாரமே துரு பிடிக்கும். நான்கு சக்கரங்களையும் ஒவ்வொன்றாகச் சுழற்றி, எது சீக்கிரம் நிற்கிறது என்று பாருங்கள். உலோகத்தில் இறங்கும் திருகுக்கு மட்டும் திருகுப் பூட்டுப் பசை ஒரு சொட்டு வையுங்கள். பிளாஸ்டிக்கில் இறங்கும் திருகை மிகையாக முடுக்காதீர்கள். வண்டியை ஒரு சாண் உயரத்திலிருந்து போட்டு, அது அமர்ந்தபின் அடிப்பாகத்தின் உயரத்தை மில்லிமீட்டரில் அளந்து எழுதுங்கள். சென்ற வாரத்தைவிட ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் அப்சோர்பரில் எண்ணெய் கசிகிறதா என்று முதலில் பாருங்கள்.

பேட்டரி விஷயத்தில் மட்டும் பரிசோதனை வேண்டாம், விதிகளை அப்படியே பின்பற்றுங்கள். நானே ஒருமுறை முழுதாய் மின்னேற்றிய லிப்போ பேட்டரியை இரண்டு வாரம் சூடான அறையில் மறந்து விட்டுவிட்டேன். எடுத்தபோது தலையணை போல் உப்பியிருந்தது. தீப்பிடிக்காதது என் அதிர்ஷ்டம். ஓர் அறைக்கு 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றாதீர்கள், 3 வோல்ட்டுக்குக் கீழ் இறங்க விடாதீர்கள். எடுத்து வைக்கும்போது 3.8 வோல்ட் இருக்கட்டும். 5,000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரிக்கு 5 ஆம்பியருக்கு மேல் மின்னேற்றம் தேவையில்லை. மின்னேறும்போது பக்கத்திலேயே பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். உப்பிய பேட்டரியை மறுபடி பயன்படுத்தவே கூடாது. ஓட்டும்போது முதலில் கையிலுள்ள கட்டுப்பாட்டுக் கருவியை முடுக்கிவிட்டுப் பிறகு வண்டியை முடுக்குங்கள். நிறுத்தும்போது வண்டியை முதலில் அணையுங்கள்.

பணம் இல்லாதவர்களுக்கு?

“இதெல்லாம் வசதி உள்ளவர்கள் விளையாட்டு” என்று சிலர் சொல்வது என் காதில் விழுகிறது. அதில் உண்மை இருக்கிறது. நல்ல வண்டி மலிவானதல்ல. அதனால்தான் பள்ளிகளிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்துக்குப் பட்டறை இருக்கிறது, அறிவியல் கழகம் இருக்கிறது. பழைய வண்டி ஒன்றை வாங்கி, ஐந்தாறு மாணவர்கள் பங்கிட்டு ஓட்டட்டும். ஒருவர் ஓட்ட, ஒருவர் நேரம் பார்க்க, ஒருவர் வெப்பம் அளக்க, ஒருவர் எழுத, எல்லாருக்கும் வேலை இருக்கும். மாணவிகளையும் அழையுங்கள். திருகாணி ஆண் பெண் பார்த்துத் திரும்புவதில்லை.

வண்டியே கிடைக்காவிட்டாலும் உங்கள் மிதிவண்டி இருக்கிறது. டயரின் காற்றழுத்தத்தை மாற்றி, ஒரே சரிவில் மிதிக்காமல் உருளவிட்டு, எவ்வளவு தூரம் போகிறது என்று அளந்து பாருங்கள்.

அந்த மாணவர் சென்ற வாரம் மறுபடி வந்தார். வண்டியைக் கொண்டு வரவில்லை, ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொண்டு வந்தார். மூன்று பக்கம் எழுதியிருந்தார். இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி அடித்துத் திருத்தப்பட்டிருந்தது: ‘கெட்டி எண்ணெய் நல்லது’ என்பதை அடித்துவிட்டு, ‘இன்னும் உறுதியாகத் தெரியவில்லை, காய்ந்த தரையில் மறுபடி பார்க்க வேண்டும்’ என்று எழுதியிருந்தார்.

இருநூறு வெள்ளி அப்பாவிடமே பத்திரமாக இருக்கிறதாம்.