முடிவுறாத எழுத்தைப் படிப்பவர்கள்

பல்கலைக்கழக விடுதிகளில் வெளியே சொல்லப்படாத ஒரு வாசிப்பு நடைபெறுகிறது. பகலில் நூலகத்தில் சொசூரையும் ஃபூக்கோவையும் குறிப்பெடுத்த ஆய்வு மாணவர், இரவு பதினொரு மணிக்குமேல் கைபேசியை எடுக்கிறார். ஹாரி பாட்டரின் பள்ளித் தோழர்கள் நாற்பது வயதில் என்ன ஆனார்கள் என்று முகம் தெரியாத ஒருவர் எழுதிவரும் கதையின் அடுத்த அத்தியாயம் அதில் திறக்கிறது. கருத்தரங்குகளில் இதைப் பெரும்பாலும் எவரும் ஒப்புக்கொள்வதில்லை. ஒப்புக்கொள்ள நேர்ந்தாலும் கெட்ட பழக்கம் ஒன்றைச் சொல்லும் குரலில்தான் சொல்கிறார்கள்: ஆய்வேட்டுக்கு உரிய நேரத்தை ரசிகர் புனைவு தின்றுவிடுகிறது என்று.

இக்குற்றச்சாட்டில் உண்மை உண்டு. எனினும் அந்த வாசிப்பு அன்றாடம் எழுதும் பழக்கத்துக்குச் செய்யக்கூடிய ஒரு நன்மையைக் கல்விப்புலம் கவனிக்கவே இல்லை.

ரசிகர் புனைவு, அதாவது ஃபேன் ஃபிக்‌ஷன், இணையத்தில் பிறந்தது அன்று. ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரின் ரசிகர்கள் 1967இலேயே ‘ஸ்பாக்கனேலியா’ என்னும் சிற்றிதழை நடத்தினர். 2009இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த ‘ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்’ தளத்துக்கு 2019இல் ஹியூகோ விருது கிடைத்தது. கம்பனும் ரசிகர் புனைவு எழுதியவனே என்று சொல்லி இவ்வகை எழுத்துக்குப் பெருமை தேடுவோர் உண்டு. அது தேவையற்ற வேலை. ‘பொன்னியின் செல்வ’னைத் தொடர்ந்து விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’ எழுதியது அதைவிட நெருங்கிய உறவு. ஆனால் அதுவும் ஓர் இதழாசிரியர் தம் தொழிலாக எழுதிய தொடர். இங்கே பேசப்படுவது வேறு வகை மனிதரைப் பற்றி: கூலியின்றி, வேலைக்கும் தேர்வுக்கும் இடையில், பிறர் பார்க்க எழுதிக்கொண்டிருப்பவரைப் பற்றி.

அத்தளத்தில் ஒவ்வொரு கதையின் தலைப்புக்குக் கீழும் அத்தியாய எண்ணிக்கை இருக்கும். முடிந்த கதையானால் 20/20. எத்தனை அத்தியாயம் வரும் என்று எழுதுபவருக்கே தெரியாதபோது 12/? என்று நிற்கும். அந்தக் கேள்விக்குறி கல்விசார் வாசிப்பில் எங்கும் தென்படாத ஒன்று. அத்தியாயத் தொடக்கத்தில் ஆசிரியர் குறிப்பு வரும்: தேர்வினால் தாமதமாயிற்று, சென்ற அத்தியாயத்தில் ஒரு பெயரைத் தவறாக எழுதிவிட்டேன், இந்தப் பகுதியில் இன்னும் நிறைவில்லை என்றெல்லாம். நான்காம் அத்தியாயத்தில் தடுமாறிய நடை பதினைந்தாம் அத்தியாயத்தில் நிலைகொள்வதை வாசகர் காண்கிறார். இடையில் வேறொன்றும் நிகழவில்லை. அவர் எழுதிக்கொண்டே இருந்தார், அவ்வளவுதான்.

ஆய்வு மாணவர் படிப்பனவோ பெரும்பாலும் முடிந்த பிரதிகள். இரண்டு மதிப்பீட்டாளர்கள் திருத்தி, ஆசிரியர் மூன்று முறை மாற்றி எழுதி, பிழைகள் துடைக்கப்பட்ட கட்டுரையே அவர் கைக்கு வருகிறது. அதன் முதல் வரைவு எவ்வளவு அசட்டுத்தனமாக இருந்தது என்பதை அவர் அறிய வழியில்லை. தம் முதல் வரைவை அந்த அச்சுப் பிரதியோடு ஒப்பிட்டு, தமக்கு எழுத வராது என்று முடிவுகட்டுகிறார். எல்லாவற்றையும் படித்துவிட்டு எழுதலாம் என்று தள்ளிப்போடுகிறார். இளநிலை, முதுநிலை ஆய்வு உதவித்தொகைகளின் மொத்தக் காலம் 5 ஆண்டு. மூன்றாம் ஆண்டின் இறுதியில் முந்நூறு கட்டுரைகளின் குறிப்புகளும், ஓர் இயல்கூட முடிவுறாத கணினிக் கோப்பும் வைத்திருப்பவர்கள் எல்லாத் துறைகளிலும் இருக்கிறார்கள். அவர்களைச் சோம்பேறிகள் என்பது எளிது. எழுத்து முடிவுறாமல் கிடக்கும் நிலையை அவர்களுக்கு யாரும் காட்டவில்லை என்பதே உண்மைக்கு அருகில் இருக்கிறது.

எழுத்துத் தடையை ஆராய்ந்த உளவியலாளர் ராபர்ட் பாய்ஸ், மனம் கூடும்போது மட்டும் எழுதிய கல்வியாளர்களைவிட, குறித்த நேரத்தில் கட்டாயமாக எழுதியவர்களுக்குப் பக்கங்களோடு புதிய எண்ணங்களும் கூடுதலாக வந்தன என்று 1983இல் காட்டினார். ரசிகர் புனைவு எழுதுவோர் பலர் இதைப் படித்து அறிந்தவர்கள் அல்லர். நூறே சொற்களில் முடியும் ‘டிராபிள்’ வடிவத்தில் கைபழகியவர்கள். நாளொன்றுக்கு நூறு சொல் என்றால் ஆண்டுக்கு 36,500. ஆய்வேட்டில் இரண்டு மூன்று இயல்களுக்கு அது போதும்.

தீமைகளையும் சொல்லவேண்டும். படித்த வாக்கியம் கையில் ஒட்டிக்கொள்ளும். கேத்ரின் பாக் 1986இல் வெளியிட்ட சோதனைகளில், ஒரு வாக்கியத்தைத் திரும்பச் சொன்னவர்கள், அதனோடு தொடர்பில்லாத படம் ஒன்றை விவரிக்கும்போதும் முன்சொன்ன வாக்கியத்தின் அமைப்பையே நாடினர். ஆங்கில ரசிகர் புனைவில் நிகழ்கால வினையும் ஒற்றைவரிப் பத்தியும் மிகுதி. காலையில் அதைப் படித்துவிட்டு இலக்கிய மீளாய்வு எழுத உட்கார்ந்தால் ஒவ்வொரு பத்தியும் திடுக்கிடும் திருப்பத்தோடு முடியும். நெறியாளர் சிவப்பு மையில் வட்டமிடுவார். மறுபுறம், ‘கண்டறியப்பட்டுள்ளது’, ‘காணப்படுகின்றது’ என்று செய்தவரையே மறைத்துவிடும் ஆய்வுத் தமிழுக்கு, யார் எதைச் செய்தார் என்று சொல்லியே தீரவேண்டிய கதைமொழி சற்று மருந்தாகவும் ஆகலாம். எழுதிய பிறகு படிப்பவருக்கு இந்த ஒட்டுதல் பெரிய இடர் அன்று. படித்த பிறகு எழுத நினைப்பவருக்கு அது இடர்தான். பெரும்பாலும் அன்று எழுதவும் மாட்டார்.

இதனினும் ஆழமான இடர் ஒன்று உண்டு. ரசிகர் புனைவின் வாசகருக்கு டம்பிள்டோர் யார் என்று விளக்கவேண்டியதில்லை. உலகம் முன்னரே கட்டப்பட்டிருக்கிறது. ஆய்வேட்டில் ஒவ்வொரு கருத்தையும் அடித்தளத்திலிருந்து எழுப்பவேண்டும், பாராட்டும் அன்றிரவே வந்துசேராது. தினம் நூறு சொல் எழுதும் பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, உடனடி வரவேற்பையும் எதிர்பார்ப்பவர் ஆறே வாரத்தில் சோர்ந்துவிடுவார்.

பருவந்தோறும் ஆய்வு மாணவர் ஆலோசனைக் குழுவின் முன் தம் முன்னேற்றத்தை விளக்கவேண்டும் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி. அங்கே பெரும்பாலும் அரங்கேறுவது முன்னேற்றத்தின் தோற்றம். குழுவின் பொறுப்பு மதிப்பிடுவது. முடியாத பக்கத்தைப் படித்துவிட்டு அடுத்தது எப்போது என்று ஆவலோடு கேட்பது அதன் வேலை அன்று. ரசிகர் புனைவு எழுதுவோர் அதற்கு ‘பீட்டா ரீடர்’ என்று ஒருவரை வைத்துக்கொள்கிறார்கள். வெளியிடுமுன் படித்து, எங்கே தடுக்கியது என்று சொல்லும் சக எழுத்தாளர் அவர். சம்பளமும் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை. ஒரே துறையில் இரண்டு மாணவர்கள் வாரம் ஒருமுறை கன்டீன் மேசையில் இரண்டிரண்டு பக்கங்களை மாற்றிக்கொள்ள எந்தச் சுற்றறிக்கையும் வேண்டியதில்லை. அந்தப் பக்கங்களின் தலைப்பில் ‘இயல் 3/?’ என்று எழுதியிருந்தால் சில நெறியாளர்கள் முகம் சுளிக்கக்கூடும். அவர்களுடைய மேசை இழுப்பறைகளிலும் அப்படிப்பட்ட பக்கங்கள் கிடக்கின்றன.