மைலேஜ் குறைந்தால் உடனே இன்ஜினை இறக்க வேண்டுமா?

வண்டி வாகனம்: வாசகர் கேள்வி – பதில்

‘‘என்னிடம் மஹிந்திரா எம்.எம்.540 ஃபோர் வீல் டிரைவ் ஜீப் இருக்கிறது. கத்தரி, வெண்டை, கீரை ஏற்றிக்கொண்டு மாதம் 20 நடை கோயம்பேடு போய் வருகிறேன். முன்பு லிட்டருக்கு 11 கி.மீ. கொடுத்த வண்டி, இப்போது 7 கி.மீ.தான் கொடுக்கிறது. கார்த்திகை மாதம் பிரேக் ஷூ மாற்றினேன். அதே மாதம் கழனி சேற்றிலும் வண்டியை இறக்கினேன். காலையில் ஒரே ஸ்டார்ட்டில் எடுக்கிறது. புகை இல்லை, ஆயிலும் குறையவில்லை. ஆனால், நியூட்ரலில் விட்டால் சீக்கிரம் நின்றுவிடுகிறது. மெக்கானிக் இன்ஜினை இறக்கி வேலை பார்க்க 60,000 ரூபாய் கேட்கிறார். செலவு செய்யலாமா, விற்றுவிடலாமா?’’

– வாசகர், திருநின்றவூர்.

இரண்டும் இப்போது வேண்டாம். முதலில் ஒரு நாள் ஒதுக்கி, காசு செலவில்லாத சோதனைகளைச் செய்து பாருங்கள். உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது.

டீசல் மூன்று வழிகளில் வீணாகும். ஒன்று, எரியாமலே ஒழுகும். இரண்டு, சரியாக எரியாமல் புகையாகப் போகும். மூன்று, நன்றாக எரிந்தும், சக்கரத்தைப் பிடித்து இழுக்கிற எதையோ எதிர்த்துச் செலவாகும். இன்ஜின் தேய்ந்திருந்தால் காலையில் ஸ்டார்ட் ஆகத் தகராறு செய்யும்; நீலப் புகை வரும்; ஆயில் குறையும். உங்கள் வண்டியில் இந்த மூன்றுமே இல்லை. நியூட்ரலில் விட்டால் சீக்கிரம் நிற்கிறது என்கிறீர்கள். நியூட்ரலில் ஓடும் வண்டியை இன்ஜின் இழுப்பதும் இல்லை, தடுப்பதும் இல்லை. அப்படியானால் தடை சக்கரத்தின் பக்கம் இருக்கிறது. பிரேக் ஷூ மாற்றிய அதே மாதத்தில் மைலேஜ் குறைந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நஷ்டம் சின்னதல்ல. போக வர 50 கி.மீ. என்றால் மாதம் 1,000 கி.மீ. லிட்டருக்கு 11 கி.மீ. கொடுத்தபோது 91 லிட்டர் ஆனது. இப்போது 143 லிட்டர் ஆகிறது. கூடுதலாக 52 லிட்டர். டீசல் விலை 92 ரூபாய் என்று வைத்தாலும், மாதம் சுமார் 4,800 ரூபாய் போகிறது. அதனால் தள்ளிப்போடாமல், கீழே சொல்லும் வரிசையில் பாருங்கள்.

முதலில் அளவு

ஆயிரம் ரூபாய்க்குப் போட்டேன், இவ்வளவு தூரம் ஓடியது என்ற கணக்கு சரிவராது. ஒரே பங்கில், ஒரே பம்பில், நாசில் தானாக நிற்கும்வரை ஃபுல் டேங்க் போடுங்கள். மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். குறைந்தது 200 கி.மீ. ஓட்டிவிட்டு, அதே பம்பில் அதே மாதிரி நிரப்புங்கள். ஓடிய கிலோமீட்டரை இரண்டாவது முறை போட்ட லிட்டரால் வகுத்தால், அதுதான் உண்மையான மைலேஜ்.

மீட்டரையும் சோதிக்க வேண்டும். கம்பீரமாக இருக்கட்டும் என்று பலர் ஜீப்புக்குப் பெரிய டயர் மாட்டுகிறார்கள். டயரின் விட்டம் 10 சதவிகிதம் கூடினால், வண்டி 110 கி.மீ. ஓடியும் மீட்டர் 100 என்றுதான் காட்டும். மைலேஜ் குறையாமலே குறைந்த மாதிரி தெரியும். வெளிவட்டச் சாலையில் நெமிலிச்சேரியிலிருந்து நசரத்பேட்டை வரை ஓட்டி, செல்போன் மேப் காட்டும் தூரத்தோடு மீட்டரை ஒப்பிட்டுப் பாருங்கள்.

அம்பத்தூர், பாடி வழியாகப் போகும் சி.டி.எச். சாலையில் நெரிசலில் நின்று நின்று போகும் நடைக்கும், விடியற்காலையில் காலியான சாலையில் போகும் நடைக்கும் மைலேஜ் ஒன்றாக இருக்காது. அதனால், பழுது பார்ப்பதற்கு முன்னும் பின்னும் ஒரே வழியில், ஒரே நேரத்தில், ஒரே லோடில் அளந்தால்தான் ஒப்பிட முடியும்.

இரண்டாவது டயர், பிரேக்

காலையில் வண்டி எடுப்பதற்கு முன், டயர் சூடாகாத நிலையில் நான்கிலும் காற்றைப் பாருங்கள். சேற்றில் இறங்கக் காற்றைக் குறைத்துவிட்டு, பிறகு ஏற்ற மறந்துவிடுவது வழக்கமாக நடப்பதுதான். முன் டயரின் மேல் உள்ளங்கையை வைத்து உள்பக்கமும் வெளிப்பக்கமும் தடவுங்கள். ஒரு பக்கம் வழவழப்பாகவும், எதிர்ப்பக்கம் ரம்பப்பல் போலவும் இருந்தால் வீல் அலைன்மென்ட் தவறியிருக்கிறது. டயர் தரையில் உரசிக்கொண்டே போகிறது என்று அர்த்தம்.

அடுத்தது பிரேக். கூட்டமில்லாத சாலையில், முடிந்தவரை பிரேக்கைத் தொடாமல் 10 கி.மீ. ஓட்டி, தானாக வேகம் குறையவிட்டு நிறுத்துங்கள். ஒவ்வொரு சக்கரத்தின் டிரம் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய்ச் சூடு பாருங்கள். உடனே தொட்டுவிடாதீர்கள், சுட்டுவிடும். ஒன்று மட்டும் மற்றதைவிட அதிகமாகச் சுட்டால், அந்தச் சக்கரத்தில் பிரேக் பிடித்துக்கொண்டே இருக்கிறது. இந்த மாதிரிப் பழைய ஜீப்புகள் சிலவற்றில் ஹேண்ட் பிரேக் டிரம் பின் சக்கரத்தில் இருக்காது. டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால், புரொப்பல்லர் ஷாஃப்டில் இருக்கும். அங்கேயும் சூடு பாருங்கள்.

பிறகு சமதரையில் நிறுத்தி, மற்றச் சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில், ஃபோர் வீல் லிவரை டூ வீலில் வைத்து, ஒவ்வொரு சக்கரமாக ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகக் கூடாது. முன் சக்கரம் லேசாகச் சுற்ற வேண்டும். பின் சக்கரம் டிஃபரென்ஷியலையும் சேர்த்து இழுப்பதால் கொஞ்சம் கனமாக இருக்கும். அதனால் வலது பின்னை இடது பின்னோடு ஒப்பிடுங்கள்.

ஒரு சக்கரம் இறுக்கமாக இருந்தால், அந்த வீல் சிலிண்டரில் காற்று எடுக்கும் நிப்பிளைக் கொஞ்சம் திறக்கச் சொல்லுங்கள். பிரேக் ஆயில் கசிந்து சக்கரம் விடுபட்டால், ஆயில் திரும்பிப் போக முடியாமல் நிற்கிறது. உள்ளே ஊறிப்போன ரப்பர் ஹோஸ் காரணமாக இருக்கும். எல்லாச் சக்கரமும் இறுகியிருந்தால், பெடலில் ஃப்ரீ பிளே இல்லாமல் மாஸ்டர் சிலிண்டர் அழுத்தத்திலேயே நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். நிப்பிளைத் திறந்தும் விடுபடவில்லை என்றால், ஷூவை அதிகமாக இறுக்கியிருக்கிறார்கள், ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, அல்லது சேறு புகுந்து வீல் சிலிண்டர் ஒட்டிக்கொண்டது. திறந்த நிப்பிளை மூடி, காற்று எடுத்து, பெடல் கெட்டியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே வண்டியைச் சாலையில் எடுக்க வேண்டும்.

இந்த வேலைக்கு நீங்கள் இருக்கிற இடம் வசதியானது. பாடி, அம்பத்தூர் சுற்றுவட்டாரம் 1960-களிலிருந்தே வாகன உதிரிபாகத் தொழில் வளர்ந்த பகுதி. டிரம் கடைசல் போடும் லேத் பட்டறைகளும் அங்கே உண்டு. புது ஷூ போட்டபோது டிரம்மைக் கடைசல் போட்டார்களா என்று பழைய பில்லில் பாருங்கள்.

மூன்றாவது ஃபோர் வீல்

கழனியிலிருந்து ஏறியபின் லிவர் முழுவதும் டூ வீலுக்கு வந்ததா? சேற்றில் ஓட்டியபின் லிங்க் இறுகி, லிவர் வந்த மாதிரி தெரிந்தும் உள்ளே கியர் விடாமல் இருக்கலாம். தார் ரோட்டில் வளைக்கும்போது ஸ்டீயரிங் கனத்து, டயர் கீச்சிட்டால் இதைச் சந்தேகப்படலாம். முன் சக்கரத்தில் திருகும் ‘லாக் ஹப்’ இருந்தால், இரண்டையும் ‘ஃப்ரீ’க்குத் திருப்புங்கள். ‘லாக்’கிலேயே விட்டால், ஃபோர் வீல் போடாதபோதும் முன் ஆக்ஸில், டிஃபரென்ஷியல், ஷாஃப்ட் எல்லாவற்றையும் சக்கரம் வீணாகச் சுற்றிக்கொண்டு போகும். நஷ்டம் சிறிது என்றாலும், தினமும் ஆகிற நஷ்டம்.

நான்காவது காற்றும் சூடும்

ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். ஆயில் தொட்டி வகையாக இருந்தால், அழுக்கு ஆயிலைக் கொட்டி, டீசலில் கழுவி, குறியிட்ட அளவுக்கு மட்டும் புது ஆயில் ஊற்ற வேண்டும். காகித வகை என்றால், உள்பக்கமிருந்து வெளிப்பக்கமாகக் காற்றடிக்க வேண்டும். அழுக்கு படிந்தால் மாற்றிவிடுவதே நல்லது.

தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று கேளுங்கள். ‘நம்ம ஊர் வெயிலுக்கு இது எதற்கு’ என்று கழற்றிப் போடும் வழக்கம் பல பட்டறைகளில் உண்டு. அது இல்லாவிட்டால் இன்ஜின் தேவையான சூட்டுக்கு வர நேரமாகும். மார்கழி அதிகாலையில் கோயம்பேடு போய்ச் சேர்ந்த பிறகும் சூட்டு முள் மேலே ஏறவில்லை என்றால், டீசலும் வீண், இன்ஜினும் தேயும்.

இரவில் இன்ஜினுக்கும் டேங்கிற்கும் கீழே பழைய அட்டையை விரித்து வையுங்கள். காலையில் டீசல் சொட்டு தெரிந்தால், பைப் வாஷர், ரிட்டர்ன் லைன் ஆகியவற்றைப் பாருங்கள்.

கடைசியில் பம்ப், இன்ஜின்

இவ்வளவும் சரியாக இருந்து, மறுபடி அளந்தும் 7 கி.மீ. என்றால்தான் பம்ப், நாசில் பக்கம் போக வேண்டும். கறுப்புப் புகை வந்தால் காற்று குறைவு அல்லது டீசல் அதிகம். இன்ஜின் சூடானபின்னும் வெள்ளைப் புகையோடு டீசல் வாடை வந்தால் நாசில், டைமிங், கம்ப்ரஷன் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். நாசிலைக் கழற்றி டெஸ்டிங் மெஷினில் போட்டு, எந்த அழுத்தத்தில் திறக்கிறது, பனிபோலத் தெளிக்கிறதா, சொட்டுகிறதா என்று உங்கள் கண் முன்னே காட்டச் சொல்லுங்கள். ‘பிக்கப் கூடும்’ என்று பம்பின் சீல் வைத்த ஸ்க்ரூவைத் திருக விடாதீர்கள்.

டேப்பட் சரிபார்த்த பின், கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்கச் சொல்லி, நான்கு சிலிண்டர் அளவையும் தாளில் எழுதி வாங்குங்கள். அந்தத் தாள் இல்லாமல் 60,000 ரூபாய் வேலைக்குச் சம்மதிக்க வேண்டாம். நான்கும் கிட்டத்தட்ட ஒன்றாக, கையேட்டில் உள்ள அளவுக்குள் இருந்தால், மைலேஜுக்காக இன்ஜினை இறக்கத் தேவையில்லை.

வேலை முடிந்தபின் ஓட்டுவதிலும் கவனம் வேண்டும். மணிக்கு 45 முதல் 55 கி.மீ. வேகமே சிக்கனம் என்பது மத்திய அரசின் பி.சி.ஆர்.ஏ. அமைப்பு பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் ஆலோசனை. ஜீப்பின் பெட்டி வடிவத்துக்கு இது இன்னும் பொருந்தும்.

‘‘மழைக்காலத்தில் பிடிப்பு இருக்கும் என்று என் மகன் தார் ரோட்டிலும் ஃபோர் வீல் போட்டே ஓட்டுகிறான். டீசல் அதிகம் ஆகிறது. இது சரியா?’’

– வாசகி, பூந்தமல்லி.

சரியில்லை, அம்மா. இந்த வகை ஜீப்புகளில் ஃபோர் வீல் போட்டால், முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒரே வேகத்தில் பூட்டிக்கொள்ளும். ஆனால், வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் ஓட வேண்டும். சேற்றில், மணலில் சக்கரம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளும். தார் ரோடு நனைந்திருந்தாலும் அந்த அளவுக்கு வழுக்காது. அந்த இறுக்கம் எல்லாம் கியர், ஷாஃப்ட், டயர் மேல் இறங்கும். டீசலும் ஆகும், டிரான்ஸ்ஃபர் கேஸும் கெடும்.

பிரேக் போடும்போது வண்டி சீக்கிரம் நிற்கும் என்பதும் இல்லை. மழையில் உதவுவது நல்ல பட்டனுள்ள டயரும் குறைந்த வேகமும்தான். லிவர் இறுகி டூ வீலுக்கு வராவிட்டால் அடித்து இழுக்கக் கூடாது. ஸ்டீயரிங்கை நேராக வைத்து, நாலைந்து அடி ரிவர்ஸ் எடுத்தால் இறுக்கம் விட்டு, லிவர் வந்துவிடும். முன்னும் பின்னும் வேறு வேறு அளவு டயர் இருக்கக் கூடாது என்பதையும் மகனிடம் சொல்லுங்கள்.

‘‘ராணுவத்திலிருந்து கழித்த ஜோங்கா ஜீப் ஒன்று விலைக்கு வருகிறது. தோட்டத்துக்கு வாங்கலாமா? நல்ல மெக்கானிக்கிடம் கொடுத்தால் மைலேஜ் கூடுமா?’’

– வாசகர், ஆவடி.

ஜோங்கா என்பது ஜபல்பூரில் ராணுவத்துக்காகத் தயாரான வண்டி. அதில் இருப்பது சுமார் 4,000 சி.சி. ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். எம்.எம்.540-ல் இருக்கும் பியூஜோ டீசல் இன்ஜின் 2,112 சி.சி.தான். அவ்வளவு பெரிய பெட்ரோல் இன்ஜின் அதிகம் குடிப்பது பழுதல்ல, அதன் அமைப்பே அப்படி. எந்த மெக்கானிக்காலும் அதை டீசல் ஜீப்பின் கணக்குக்குக் கொண்டுவர முடியாது. வேறு இன்ஜின் மாற்றினால் ஆர்.டி.ஓ. அனுமதி பெற்று, ஆர்.சி.யில் பதிய வேண்டும்.

ஏல ஆவணம், இன்ஜின் எண், சேஸிஸ் எண் மூன்றும் பொருந்துகின்றனவா என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். 15 ஆண்டு கடந்த தனியார் வண்டிக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை தகுதிச் சோதனைக்குக் காட்டி ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும். ஆசைக்கு வைத்துக்கொள்வதானால் சரி. தினமும் காய்கறி ஏற்றிப் பிழைப்பு நடத்த அந்த வண்டி கட்டுப்படியாகாது.

*(வண்டி பற்றிக் கேள்வி எழுதும் வாசகர்கள், எந்த ஆண்டு மாடல், என்ன இன்ஜின், ஃபுல் டேங்க் முறையில் அளந்த மைலேஜ், புகையின் நிறம், கடைசியாக எந்த வேலை பார்த்தது ஆகியவற்றையும் சேர்த்து எழுதுங்கள். சரியான பதில் சொல்ல உதவியாக இருக்கும்.)*