தண்ணீர் குடிக்கும் வண்டி

லாரியின் குளிரூட்டும் அமைப்பு மூடிய சுற்று என்பதால், அதில் ஊற்றப்பட்ட தண்ணீர் காரணமின்றிக் குறைய வழியே இல்லை. அது வெளியே ஒழுகியிருக்க வேண்டும், அல்லது ரேடியேட்டர் மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்திருக்க வேண்டும், அல்லது சிலிண்டருக்குள் புகுந்து புகையோடு ஆவியாகவோ ஆயிலில் கலக்கவோ செய்திருக்க வேண்டும். ஆயினும் ‘வண்டி தண்ணீர் குடிக்கிறது’ என்னும் ஒற்றைத் தொடருக்குள் இத்தனை வழிகளும் அடக்கப்பட்டு, தினமும் காலையில் கிளீனர் ஊற்றும் தண்ணீரை நம்பியே பழைய வண்டிகள் ஆண்டுக்கணக்கில் ஓடுகின்றன. ஒருநாள் மலையேற்றத்தில் கொதித்து நின்றுவிட்டால், சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றுவதே பட்டறையின் முதல் வேலையாகிறது. ஒற்றை வண்டியை வைத்துக் குடும்பம் நடத்தும் உரிமையாளருக்குப் பல நடைகளின் வருமானத்தை விழுங்கும் அந்த வேலை, பெரும்பாலும் கடைசியில் செய்யப்பட வேண்டியது.

கேட்கப்பட வேண்டிய முதற்கேள்வி, தண்ணீர் குறைவதால் எஞ்சின் சூடேறுகிறதா, எஞ்சின் சூடேறுவதால் தண்ணீர் குறைகிறதா என்பதாகும். டீசல் எரிந்து வெளிப்படும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை வெப்பமாகச் சுமந்து ரேடியேட்டரில் இறக்கிவைப்பது தண்ணீரின் பணி. அச்சுமை எந்த நிலையில் இறங்காமல் போகிறது என்று பார்த்தால் கோளாறின் இருப்பிடம் பாதி தெரிந்துவிடும். சத்தியமங்கலத்திலிருந்து பண்ணாரி வழியாகச் சாமராஜநகர் செல்லும் சாலையில், திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் பாரம் ஏற்றிய வண்டி தாழ்ந்த கியரில் ஊர்ந்து ஏறும்போது, எஞ்சின் தன் முழு வலுவையும் செலவிடுகிறது. ஆனால் வண்டியின் வேகத்தால் கிடைக்கும் எதிர்க்காற்று இல்லாமையால் முழுச் சுமையும் விசிறியின் மேல் விழுகிறது. அந்த ஏற்றத்தில் மட்டும் சூடேறும் வண்டியில், தளர்ந்த பேன் பெல்ட், விசிறியைச் சுற்றியிருக்க வேண்டிய காற்றுக்கூடு உடைந்திருத்தல், ரேடியேட்டரின் தகடுகளிடையே அடைந்த தூசி, அதன் குழாய்களின் உட்புறம் படிந்த உப்பு ஆகியவற்றையே முதலில் ஐயுற வேண்டும். சமதளத்தில் வேகமாக ஓடும்போது சூடேறினால், காற்றுக்குக் குறைவில்லாததால், தண்ணீரின் ஓட்டம் தடைப்படுகிறது என்று பொருள். ‘வாட்டர் பாடி’ எனப் பட்டறைகளில் வழங்கும் தண்ணீர் பம்பின் உட்சக்கரம் தேய்ந்திருக்கலாம், அல்லது உறிஞ்சும் பக்கத்திலுள்ள கீழ் ஹோஸ் உள்ளே சப்பிப்போயிருக்கலாம். ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களிலேயே வெப்பமானியின் முள் ஏறி, ரேடியேட்டர் மட்டும் குளிர்ந்தே இருந்தால், ஏறத்தாழ 82 பாகை செல்சியசில் திறக்க வேண்டிய வெப்பக் கதவான தெர்மோஸ்டாட் மூடியபடியே சிக்கிக்கொண்டது எனலாம்.

இவற்றுள் மிகக் குறைவாக மதிக்கப்படும் உறுப்பு ரேடியேட்டர் மூடி. அது தண்ணீரைத் தடுக்கும் வெறும் மூடியாகக் கருதப்பட்டாலும், உண்மையில் ஸ்பிரிங்கால் இயங்கும் அழுத்த வால்வு; உள்ளே அழுத்தத்தை நிறுத்திவைத்துத் தண்ணீரின் கொதிநிலையை உயர்த்துவதே அதன் தொழில். வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் 0.7 பார் அழுத்தத்தைத் தாங்கும் மூடி நல்ல நிலையில் இருந்தால், கடல்மட்டத்தில் தண்ணீர் ஏறத்தாழ 115 பாகையில்தான் கொதிக்கும். அதே மூடியின் ரப்பர் வெடித்திருந்தால், 1,000 மீட்டர் உயரத்தில் கொதிநிலை 97 பாகைக்கு இறங்கிவிடுகிறது. 90 பாகையில் முறையாக இயங்கும் எஞ்சினுக்கு மிஞ்சும் இடைவெளி ஏழு பாகை மட்டுமே, அதுவும் எக்ஸாஸ்ட் வால்வை ஒட்டிய உலோகம் முள் காட்டுவதைவிட மிக அதிகச் சூடாக இருக்கும் நிலையில். எனவே எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறாமலேயே தண்ணீர் கொதித்து வழிந்து குறைகிறது, குறைந்த பின்னரே எஞ்சின் உண்மையாகச் சூடேறுகிறது. சில நூறு ரூபாய் விலையுள்ள இந்த மூடியைச் சோதிக்காமல் ஹெட்டில் கைவைப்பது பெரும் அநீதி.

வெளிக்கசிவைக் காண்பதற்கும் ஒழுங்கு உண்டு. ஓடிய வண்டியில் கசியும் துளி சூடான உலோகத்தில் விழுந்த கணமே ஆவியாகி, வெள்ளையாகவோ, தண்ணீரில் கலக்கும் கூலண்டின் நிறத்திலோ ஒரு படிவை மட்டும் விட்டுச்செல்வதால், தரையில் ஈரம் இல்லாதது கசிவு இல்லை என்பதற்குச் சான்றாகாது. குளிர்ந்த எஞ்சினில், கைப்பம்பால் மூடியின் அளவுக்கு அழுத்தம் ஏற்றிக் கால்மணி நேரம் காத்திருந்தால், அழுத்தமானி இறங்குகிறதா என்பதும், எங்கே துளிக்கிறது என்பதும் தெரியும். வாட்டர் பாடியின் அடியிலுள்ள சிறு துளை உள்ளே சீல் தேய்ந்ததை வெளியே அறிவிப்பதற்காகவே வைக்கப்பட்டது. அதில் தண்ணீர் சொட்டுவதைக் கண்டு, துளையை அடைத்துவிடுவோரும் உண்டு, அதனால் தண்ணீர் பேரிங்குக்குள் புகுந்து பம்பே சிக்கிப்போகிறது.

வெளியே எங்கும் கசியாமல் அழுத்தம் இறங்கினால்தான் ஹெட் கேஸ்கெட் ஐயத்துக்கு வருகிறது. சிலிண்டர்த் தொகுதிக்கும் ஹெட்டுக்கும் இடையே எரிபுகை, தண்ணீர், ஆயில் மூன்றையும் பிரித்துவைக்கும் இத்தகடு பிய்ந்தால், எரியும்போது 100 பார் அளவுக்கு எழும் சிலிண்டர் அழுத்தம் தண்ணீர்ப் பாதைக்குள் வாயுவைத் தள்ளும். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்தில், தண்ணீர் சூடாகும் முன்பே, மேல் ஹோஸ் கல்லாக இறுகுவதும் ரேடியேட்டரில் குமிழி விடாமல் எழுவதும் அதன் அடையாளங்கள். ஆனால் ஏர் பிரேக் உள்ள லாரியில் குமிழியைக் கண்டதும் தீர்ப்பு எழுதிவிடலாகாது. பிரேக்குக்குக் காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரஸரும் பல வண்டிகளில் இதே தண்ணீரால் குளிரூட்டப்படுகிறது. அதன் சிறிய கேஸ்கெட் பழுதானால், ஏழு எட்டுப் பார் அழுத்தமுள்ள காற்று ஒரு பாருக்கும் குறைவான தண்ணீருக்குள் புகுந்து, ஹெட் கேஸ்கெட் போனதைப் போலவே குமிழியும் வழிதலும் உண்டாக்கும். இரண்டையும் பிரித்தறிய எளிய வழி இருக்கிறது: ஏர் டேங்க் நிரம்பி, கம்ப்ரஸர் சுமையின்றிச் சுழலத் தொடங்கியதும் குமிழி நின்றால் குற்றவாளி கம்ப்ரஸர், நிற்காமல் தொடர்ந்தால் ஹெட். ரேடியேட்டரின் வாயில் வரும் வாயுவை நீல நிறத் திரவத்தின் வழியே செலுத்தும் சோதனையும் உண்டு. எரிபுகையிலுள்ள கார்பன் டை ஆக்சைடு அதன் நிறத்தை மாற்றும், கம்ப்ரஸரின் வெறுங்காற்று மாற்றாது. ஏர் டேங்கின் வடிகாலைத் திறக்கும்போது கூலண்டின் நிறத்தில் தண்ணீர் வருமானால் வேறு சோதனையே வேண்டியதில்லை. எத்தனையோ ஹெட்டுகள் இந்தச் சிறு கேஸ்கெட்டின் பழியைச் சுமந்து கழற்றப்பட்டிருக்கின்றன.

இன்னொரு மறைவிடம் லைனர். பிஸ்டன் ஏறி இறங்கும் உருளையின் வெளிப்புறத்தில் தண்ணீர் நேரடியாகத் தொடும்படி அமைந்த எஞ்சின்களில், ஒவ்வோர் எரிப்பின்போதும் லைனர் அதிர்ந்து, அதை ஒட்டிய தண்ணீரில் நுண்ணிய ஆவிக்குமிழிகள் தோன்றி, உடனே உடைந்து உலோகத்தைக் கொத்துகின்றன. நாளடைவில் ஊசித்துளை விழுந்து, தண்ணீர் சிலிண்டருக்குள் கசிகிறது. டீசல் எஞ்சினுக்குரிய கூலண்டில் சேர்க்கப்படும் தடுப்பு வேதிப்பொருள்கள் லைனரின் மேல் மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கி இந்தக் கொத்தலைத் தாங்கிக்கொள்கின்றன. பனி உறையாத நாட்டில் கூலண்ட் எதற்கு என்று கேட்டு, கொங்கு வட்டாரத்தின் உப்புச் செறிந்த போர்த் தண்ணீரை ஊற்றுவோர் இரட்டை இழப்புக்கு ஆளாகிறார்கள்: காப்புப் படலமும் இல்லை, சுண்ணாம்புப் படிவும் சேர்கிறது. வார்ப்பிரும்பைவிடப் பல மடங்கு குறைவாக வெப்பத்தைக் கடத்தும் அந்தப் படிவு, சிலிண்டரைச் சுற்றிப் போர்த்திய கம்பளியாகிவிடுகிறது.

சூட்டுக்கு மருந்தாகத் தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறியும் வழக்கமும் இதே வகைத் தவறுதான். பல எஞ்சின்களில் அது ரேடியேட்டரின் வழியைத் திறக்கும்போதே குறுக்குவழியை அடைக்கவும் செய்வதால், அதை நீக்கினால் தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றி வந்து, மலையேற்றத்தில் சூடு இன்னும் கூடும். சமதளத்திலோ எஞ்சின் உரிய சூட்டை எட்டாமல் டீசல் வீணாகி, சிலிண்டர் விரைவில் தேயும்.

கண்டறிதலுக்குப் பட்டறையில் கிடைக்காத ஒரு சான்று ஓட்டுநரிடம் இருக்கிறது. எத்தனை கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் ஊற்றப்பட்டது, ஏற்றத்திலா நிறுத்தத்திலா முள் ஏறியது, முள் ஏறி நின்றதா, ஏறியபின் திடீரென விழுந்ததா என்பதை அவரே அறிவார். தண்ணீர்மட்டம் உணர்கருவிக்குக் கீழே போய்விட்டால், கொதிக்கும் எஞ்சினிலும் முள் தாழ்ந்து பொய் சொல்லும் என்பதால் கடைசிக் கேள்வி மிக முக்கியமானது. வண்டிக் கணக்கு நோட்டில் டீசலுக்கு ஒரு பத்தி இருப்பதுபோல் தண்ணீருக்கும் ஒரு பத்தி இருக்குமானால், மெக்கானிக்கின் பாதி வேலை முடிந்துவிடும்.

பழுது நீக்கியபின், வண்டியின் முன்பக்கம் சற்று உயர்ந்திருக்கும்படி நிறுத்தி, மூடியைத் திறந்துவைத்து மெல்ல நிரப்பி, தெர்மோஸ்டாட் திறந்து உள்ளே சிக்கிய காற்று வெளியேறும்வரை எஞ்சினை ஓடவிட வேண்டும். மறுநாள் காலை, குளிர்ந்த எஞ்சினில் தண்ணீர்மட்டத்தைக் குறித்துக்கொண்டு, பாரத்தோடு ஒரு மலையேற்றம் போய்வந்து, அடுத்த நாள் காலை அதே குளிர்ந்த நிலையில் மீண்டும் பார்க்க வேண்டும். மட்டம் அதே கோட்டில் நின்றால், பட்டறைக் கணக்கை முடித்துக் கொடுக்கலாம்.